பேக்கார்டின் டிக்கியில் இருப்பதைத் தூக்கி எறியாதீர்கள்

மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்திருக்கும் பெரியவர் அவர்களே, டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, சமையலறையில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். முப்பது வருடங்களுக்கு முன்னால் விமான நிலையத்திலிருந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்ட ஐயா அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வணக்கம்.

செயலாளர் தம்பி இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். காரில் முதன்முதலில் ஏசியை எப்படிப் பொருத்தினார்கள், அதில் குளிரைத் தரும் கேஸ் என்ன ஆனது, கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது.

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்" என்று என் ஆத்தா சொல்லும். நான் ஏசி வேலை கற்றதே அந்த ஒரு வரியில்தான்.

1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சி. நம் டெட்ராய்ட்டின் பேக்கார்ட் கார் கம்பெனி, 1940 மாடலுக்கு ஏசி உண்டு என்று அங்கே காட்டியது. விலை 274 டாலர். அன்றைக்கு ஒரு சாதாரணப் புதுக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்! தொழிற்சாலையில் கிடைக்கும் ஏசி என்றாலும், பொருத்தியது இங்கே இல்லை. கார் இங்கிருந்து கிளீவ்லாந்துக்குப் போகும். அங்கே பிஷப் அண்ட் பாப்காக் என்ற கம்பெனி மாட்டித் தரும். கேஸை அழுத்தும் கம்ப்ரெசர் எஞ்சின் பக்கத்தில், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால், அங்கிருந்து குழாய்கள் காரின் அடிவழியாகப் பின்னால் போகும். கூலிங் காயிலும் விசிறியும் டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காற்று பின்சீட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

கம்ப்ரெசருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் விசிறியைத்தான் கூட்டிக் குறைக்கலாம். கம்ப்ரெசரை நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நம் குடும்பம் ஒன்றில் கல்யாணம். ஜூலை மாதம். என் நண்பர் ஒருவரின் 1941 பேக்கார்டை மணப்பெண்ணை அழைத்துவரக் கேட்டு வாங்கினோம். ஏசியை நானே சரிசெய்திருந்தேன். பின்சீட்டில் பெண், பக்கத்தில் பெண்ணின் அம்மா, முன்னால் பட்டு வேட்டியில் தாய்மாமன், ஓட்டுவது நான். பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் விசிறி சுவிட்ச் முழு வேகத்தில் ஒட்டிக்கொண்டது. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் பனிக்காற்று. "அம்மா, பல்லு ஆடுதும்மா" என்கிறது. கண்ணாடியை இறக்கலாம் என்றால் அம்மா விடவில்லை. இரண்டு மணிநேரம் செய்த தலை அலங்காரமாம்! மாமா தன் அங்கவஸ்திரத்தை எடுத்துப் பின்னால் நீட்டினார். அதையும் போர்த்திக்கொண்டது, நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் சாலையோரம் நிறுத்தினோம். நான் இறங்குவதற்குள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்துவிட்டார். "மாமா, எஞ்சின் கொதிக்குது, தொடாதீங்க" என்று கத்தினேன். முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. மாமா தாம்தூமென்று குதிக்கிறார். அப்போது காருக்குள்ளிருந்து பெண்ணின் அம்மா சொன்னார்: "அண்ணே, ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுங்க." பத்து நிமிடம் நின்றோம். பெல்ட்டைக் கழற்றினோம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது.

சரி, கேஸுக்கு வருகிறேன். அந்தக் கார்களின் ஏசியில் இருந்தது ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் உடன்பாடு செய்தன; 1995 முடிவோடு அமெரிக்காவில் உற்பத்தி நின்றது. அது சரியான முடிவு. பழைய வண்டியில் மிச்சமிருக்கும் கேஸைத் தயவுசெய்து காற்றில் விடாதீர்கள், மெஷின் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஆர்-134ஏ என்ற கேஸ் போடலாம். ஆனால் கம்ப்ரெசரில் இருக்கும் பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. முழுக்கக் கழுவி எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ஈரம் போக, உள்ளே இருக்கும் காற்றை மெஷினால் உறிஞ்சி வேக்குவம் பிடிக்க வேண்டும். அங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. அரைகுறையாக விட்டால் உள்ளே ஈரம் உறைந்து வழியை அடைக்கும். பெல்ட்டைக் கழற்றி வருடக்கணக்கில் போட்டுவைத்தால் கம்ப்ரெசரின் சீல் காய்ந்து கேஸ் கசியும். ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இதற்கும்தான்.

பேக்கார்ட் இரண்டு மூன்று வருடத்தில் இதைக் கைவிட்டது. 1953இல் கிரைஸ்லரும் காடிலாக்கும் மறுபடி டிக்கியிலேயே வைத்தார்கள். 1954இல் நாஷ் என்ற கார் கம்பெனி எல்லாவற்றையும் முன்பக்கம் கொண்டுவந்தது. உலகம் அந்த வழியில் போனது. டிக்கியில் இருந்தது குப்பையாகிவிட்டது. என் நெஞ்சு கொதிப்பது இதற்காகத்தான். போன வருடம் ஒரு பட்டறையில், பழைய காருக்குப் புது ஏசி கிட் போடுகிறோம் என்று அசல் கூலிங் காயிலை வெட்டி எடுத்து இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பித்தளை முனைதான் தரையில் கிடந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

புது கிட் போடுவது உங்கள் இஷ்டம், குற்றம் சொல்லவில்லை. கழற்றியதை வைத்திருங்கள். எந்தக் குழாய் எங்கே போனது என்று படம் எடுங்கள், ஒவ்வொரு நட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வைக்க இடமில்லை என்கிறீர்களா? தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தின் பின்னால், உடைந்த நாற்காலிகள் போட்ட அறை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் வந்தேன். நாற்காலிகளை நானே சரிசெய்து தருகிறேன். இளைஞர்கள் சனிக்கிழமை தோறும் வந்தால் கழற்றவும் மாட்டவும் கற்றுத் தருகிறேன், சம்பளம் வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நாளைக் காலையே அந்தப் பித்தளை முனையோடு வந்து நிற்கிறேன்.

நன்றி, வணக்கம்.