கூலி என்னும் தலைப்பும் தொலைந்துபோன டாக்சியும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கையரே,

ஒரு நூலுக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் வரிசைப்படுத்துகிறார். முதல்நூலால் வரும், ஆக்கியோனால் வரும், அளவால், பொருளால், செய்வித்தோனால் வரும், காரணமின்றி இடுகுறியாகவும் வரும் என்கிறார். ஆனால் உறவே இல்லாத இரண்டு படைப்புகள் ஒரே பெயரைச் சூடிக்கொண்டால் நாம் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கான வழியைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. 'மா' என்னும் சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. வினையாலும் இனத்தாலும், சார்பு என்னும் சூழலாலும் பொருள் தெளியும் என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. திரைப்படத் தலைப்புகளையும் அந்த நெறியிலேயே படிக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

என் தாயாரும் என் மகனும் ஒருநாள் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சொன்னது பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1965இல் வந்த படம். கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். அதிலே ஒரு வைத்தியர். காயம்பட்ட கிளர்ச்சியாளருக்கு மருந்திட்ட குற்றத்திற்காக, அவர்களோடு சேர்த்துத் தீவொன்றுக்கு அனுப்பப்பட்டு அடிமையாக விற்கப்படுகிறார். மகன் சொன்னது செல்வராகவன் 2010இல் எடுத்த, சோழ வம்சத்தின் மிச்சத்தைத் தேடிப்போகும் படம். இரண்டும் வேறு வேறு என்பது புரிந்ததும் மகன் சிரித்தான், அம்மா சிரிக்கவில்லை. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது 1964 ஒக்டோபரில். இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அக்காவை ஏற்றிவிட்டு வந்தவருக்கு, கப்பலேற்றப்பட்டவர்களின் கதை வெறும் ராஜா ராணிக் கதையாக இருந்திருக்க முடியாது. அந்தச் சார்பு மகனுக்கு வாய்த்த படத்தில் இல்லை. அது அவன் குற்றமுமன்று.

இத்தகைய இணைகள் தமிழில் ஏராளம். கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' 1968இல் மாடிப்படிக்கு அடியில் வாழும் ஏழை மாணவனைச் சொன்னது. 2013இன் 'எதிர்நீச்சல்' மரதன் ஓட்டத்தைச் சொன்னது. 1980இலும் 2007இலும் வந்த இரண்டு 'பொல்லாதவன்' படங்களுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. தலைப்பு மட்டும் பதிப்புரிமைக்குள் அடங்காது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல், 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது நியாயமென்றே எனக்குப் படுகிறது. ஊரார் நாவில் புழங்கும் இரண்டு சொற்களை ஒருவர் வேலிகட்டி வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு தலைப்பு மட்டும் நம்மைச் சும்மா விடுவதில்லை. அது 'கூலி'. முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்கு அந்தப் பெயர். அமிதாப் பச்சன் ரயில் நிலையச் சுமைதூக்கியாக நடித்த 1983இன் இந்திப் படத்துக்கும் அந்தப் பெயர். சரத்குமார் நடித்த 1995இன் தமிழ்ப் படம், லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2025இல் வந்த படம் ஆகியவற்றுக்கும் அதே பெயர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சொல் ஒரு மனிதனைக் குறிக்கிறது. தமிழிலோ அது முதலில் உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் இழிவின் நிழல்கூட இல்லை. ஊதியத்தின் பெயரையே ஆளின் பெயராக்கி, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நம் பாட்டன் பாட்டிகளைத் தலையெண்ணிப் பேரேட்டில் எழுதியது தோட்ட ஆட்சி. அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனதென்றும், குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்ததென்றும் இரு கருத்துகள் உண்டு. எதுவாயினும், 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் குரல்கொடுத்து 2021இல்தான் அதைக் கண்ட நம் மக்கள், சுவரொட்டியில் அந்த இரண்டெழுத்தைக் காணும்போது கேட்பது வேறு ஒலி. நான்கு படைப்புகளுக்கும் எழுத்து ஒன்றுதான். ஐந்தாவதாக ஒருவர் இந்த மலையிலிருந்து அதே தலைப்பில் எழுதினால், அது ஊதியத்தைப் பற்றியதாக இருக்கட்டும் என்று நான் விரும்புகிறேன்.

பெரிய படைப்புகள் ஒன்றையொன்று மறைத்துவிடுவதில்லை. சிறியவையே மறைந்துபோகின்றன, என் உண்மையான கவலை அதுதான். 'டாக்சி டிரைவர்' என்றதும் நியூயோர்க் நகரை வைத்து மார்ட்டின் ஸ்கோர்செசி 1976இல் எடுத்த படம் உலகத்தின் நினைவுக்கு வரும். பழைய இந்திப் பட ரசிகர் தேவ் ஆனந்தின் 1954ஆம் ஆண்டுப் படத்தைச் சொல்வார். அமெரிக்கப் படத்துக்குப் பத்தாண்டு முன்பாக, 1966இல், இலங்கையில் ஒரு தமிழ்ப் படம் இதே பெயரில் எடுக்கப்பட்டது என்பதை யார் சொல்கிறார்கள்? 1962இன் 'சமுதாயம்', 1963இன் 'தோட்டக்காரி', வி. பி. கணேசனின் 1975ஆம் ஆண்டுப் 'புதிய காற்று' என்று விரல்விட்டு எண்ணத்தக்க படங்களே நமக்கு உண்டு. அவற்றுள் ஒன்று பெயரொற்றுமையினாலேயே புதைந்துபோகலாமா? தலைப்போடு ஆண்டையும் நாட்டையும் ஆக்கியோரையும் எழுதிவைத்தால்தான் தொல்காப்பியர் சொன்ன சார்பு அதற்குக் கிடைக்கும்.

ஆகவே ஒரு கொப்பியில் இந்தப் பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன். 1966க்கு நேராக 'டாக்சி டிரைவர், இலங்கை, தமிழ்' என்று மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தவர் யாரேனும் இந்த அவையில் இருந்தால், தேநீர் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வாருங்கள். எந்த ஊரில், யாரோடு பார்த்தீர்கள் என்பதிலிருந்தே எழுதிக்கொள்கிறேன்.