எல்லையை முதலில் எழுதுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வெளிநாட்டில் ஒருமுறையாவது ரயிலில் போகவேண்டும், ஒரே பயணத்தில் இரண்டு மூன்று நாடுகளைப் பார்த்துவிட வேண்டும், ஆனால் கையில் அளவான பணம்தான் இருக்கிறது. இப்படி நினைப்பவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு என் அண்ணியோடு கோலாலம்பூரில் ரயில் ஏறி, தாய்லாந்தைக் கடந்து, லாவோஸ் வரை போய்வந்தேன். அந்தத் தடத்தை வைத்தே சொல்கிறேன்.

ஏன் அந்தத் தடம்? ஐரோப்பாவுக்கு விசா, காப்பீடு, அறை வாடகை எல்லாம் சேர்ந்தால் ரயிலில் ஏறுவதற்கு முன்பே பை காலியாகிவிடும். கோலாலம்பூருக்கோ திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து சென்னைக்கும் நேரடி விமானம் உண்டு. மலிவு விமான நிறுவனங்கள் போவதற்குத் தனி, வருவதற்குத் தனி என்றுதான் விலை போடுகின்றன. அதனால் கோலாலம்பூரில் இறங்கி, பாங்காக்கில் விமானம் ஏறித் திரும்பலாம். கோலாலம்பூருக்கே திரும்பி வரும் செலவும், இரண்டு நாளும் மிச்சம்.

சரி, திட்டம் போட உட்காருகிறீர்கள். எல்லாரும் முதலில் ஊர்ப் பெயர்களைத்தான் எழுதுவார்கள். கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், லாவோஸின் லுவாங் பிரபாங் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, பிறகு நடுவில் ரயில் தேடுவார்கள். நான் சொல்வது, எல்லைகளை முதலில் எழுதுங்கள். எந்த ஊரில் ஒரு நாட்டின் ரயில் நின்று இன்னொரு நாட்டின் ரயில் தொடங்குகிறது? அங்கே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? தவறினால் அடுத்தது எப்போது? இந்த மூன்றும் தெரிந்த பிறகு ஊர்களை நிரப்புங்கள். இந்தப் பக்கத்தில் ரயில் கட்டணம் குறைவுதான். பணம் கரைவது இணைப்பு தவறும்போது.

எனக்கே நடந்தது. இந்தப் பயணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து காலை ரயிலில் மலேசிய எல்லையான பாடாங் பெசாருக்கு வந்தோம். கோலாலம்பூர் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று கைக்கடிகாரம் காட்டியது. நிதானமாக நடந்தோம், தேநீர் குடித்தோம். மலேசியக் கடிகாரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. என் கையில் இருந்தது தாய்லாந்து நேரம், டிக்கெட்டில் இருந்தது மலேசிய நேரம். இமிகிரேஷன் வரிசையைத் தாண்டி வந்தபோது வண்டி போயிருந்தது. வார இறுதி என்பதால் அன்றைக்கு வேறு வண்டியில் இடமில்லை. எல்லையோர ஊரில் ஒரு அறை, மறுநாளைக்குப் புது டிக்கெட், கோலாலம்பூரில் ஏற்கெனவே பணம் கட்டிய ஓர் இரவு வீண். பாங்காக்கிலிருந்து எல்லை வரை வந்த ரயில் செலவைவிட அந்த ஒரு மணி நேரத்தின் செலவு அதிகம். அன்றிலிருந்து என் தாளில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் எந்த நாட்டு நேரம் என்று எழுதிவைக்கிறேன்.

வடக்கு நோக்கிப் போகும்போது அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குச் சாதகம். கோலாலம்பூரிலிருந்து ஈ.டி.எஸ். என்ற மின்சார ரயில் ஐந்தரை மணி நேரம் போல எடுத்துக்கொண்டு பாடாங் பெசாரில் இறக்கிவிடும். இரண்டு நாட்டு இமிகிரேஷனும் அதே நிலையத்துக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து பாங்காக்குக்கு நேராகப் போவது ஒரு நாளைக்கு ஒரே வண்டிதான். 46ஆம் எண் எக்ஸ்பிரஸ், மாலையில் கிளம்பி ஏறக்குறைய 990 கிலோமீட்டர் ஓடி மறுநாள் காலை சேரும். ஒரே வண்டி என்பதால் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் பாடாங் பெசாரில் இருங்கள். அதில் படுக்கை கிடைக்காவிட்டால் திட்டத்தைக் கைவிட வேண்டாம். எல்லையிலிருந்து ஹாட்யாய்க்குச் சிறிய ரயில் தினமும் இரண்டு முறை போகிறது. ஹாட்யாயிலிருந்து பிற்பகலிலும் மாலையிலும் பாங்காக்குக்கு வேறு சில இரவு வண்டிகள் இருக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மாதிரி வெயிட்டிங் லிஸ்ட் எடுத்து வைத்துக்கொண்டு, சார்ட் வரும் வரை காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை. இடம் இருந்தால் டிக்கெட், இல்லாவிட்டால் இல்லை. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே, தாய்லாந்தில் சோங்க்ரான் புத்தாண்டு வருகிறது. நாடே ஊருக்குப் போகும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலேசியாவில் நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை நாட்களும் அப்படித்தான்.

டிக்கெட்டை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். மலேசியாவுக்கு அந்நாட்டு ரயில்வேயின் கே.டி.எம்.பி. செயலி, தாய்லாந்துக்கு டி-டிக்கெட் என்ற ரயில்வேயின் சொந்தத் தளம். இடைத்தரகர் தளங்கள் பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனிக் கட்டணம் ஏற்றிவிடும். இரண்டு பேர், ஐந்து டிக்கெட் என்றால் பத்து முறை அந்தக் கட்டணம். அதில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே அடங்கிவிடும்.

இப்போது இரண்டாவது எல்லை. பாங்காக்கில் நீண்ட தூர ரயில்கள் இப்போது புறப்படுவது குருங் தெப் அபிவத் என்ற பெரிய புது நிலையத்திலிருந்து. 2023 ஜனவரியில் அவற்றில் பெரும்பாலானவற்றை ஹுவா லம்போங் என்ற பழைய நிலையத்திலிருந்து இங்கே மாற்றினார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஹுவா லம்போங் பக்கத்தில் அறை எடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து இங்கிருந்து லாவோஸின் தலைநகரான வியந்தியானுக்கு நேரடி இரவு ரயில் ஓடுகிறது. காலையில் எல்லை ஊரான நோங் காயில் எல்லாரும் மூட்டையோடு இறங்கி, தாய்லாந்தின் வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்ப ஏறவேண்டும். அடுத்து மீகாங் ஆற்றுப் பாலம். 1994இல் திறந்த இந்த நட்புறவுப் பாலத்தில் தண்டவாளம் சாலையின் நடுவிலேயே பதிந்திருக்கிறது. ரயில் வரும்போது இரண்டு பக்கமும் கார், லாரி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கீழே செம்மண் நிறத்தில் மீகாங். அண்ணி ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

அந்த ரயில் சேரும் நிலையத்தின் பெயர் கம்சவாத். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லாவோஸில் எல்லாரும் ஏற விரும்பும் சீன-லாவோஸ் ரயில் இங்கே வராது. மலேசியா, தாய்லாந்து எல்லாம் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் ஓடிய அதே அகலம். 2021 டிசம்பரில் திறந்த சீன-லாவோஸ் பாதையோ 1,435 மில்லிமீட்டர். அகலம் வேறு என்பதால் நிலையமும் வேறு, அங்கிருந்து தள்ளி நகருக்கு வெளியே இருக்கிறது. வண்டி பிடித்துத்தான் போகவேண்டும். அதனால் பாங்காக் ரயில் சேரும் அதே காலைக்குச் சீன-லாவோஸ் ரயிலில் லுவாங் பிரபாங் போக டிக்கெட் வாங்காதீர்கள். ஒரு நாள் வியந்தியானில் தங்கி, மறுநாள் ஏறுங்கள்.

அந்த ரயிலுக்கான டிக்கெட் சில நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். ஊரிலேயே எல்லாம் வாங்கிவிட்டுப் புறப்பட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது சங்கடம்தான். அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். நிலையத்துக்குள் நுழையும்போது விமான நிலையம் போலச் சோதனை உண்டு. பாஸ்போர்ட் பார்ப்பார்கள், கத்தி, ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்துக்கொள்வார்கள். மலைகளுக்குள் சுரங்கம் சுரங்கமாகப் போகிறது, லாவோஸ் பகுதியில் மட்டும் 75 சுரங்கங்கள். மலைச்சாலையில் ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போன இடத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறீர்கள். காட்சி என்று பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறித்தான் வரும். எனக்கு மெதுவாகப் போகும் தாய்லாந்து ரயில்தான் பிடித்தது.

இரவு ரயில் பற்றியும் சொல்லவேண்டும், பட்ஜெட்டைப் பெரும்பாலும் அதுதான் காப்பாற்றுகிறது. பாங்காக் போக ஒன்று, வியந்தியான் போக ஒன்று, திரும்ப ஒன்று. மூன்று இரவு அறை வாடகை இல்லை. தாய்லாந்து ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைகள், நம் சைடு பெர்த் மாதிரி, பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். எதிரெதிர் இருக்கைகளை ஒரு பணியாளர் வந்து படுக்கையாக மாற்றி, சுத்தமான விரிப்பு போட்டு, திரைச்சீலை மாட்டிவிட்டுப் போவார். கீழ் பெர்த் அகலம், ஜன்னலும் உண்டு, விலை கொஞ்சம் கூட. மேல் பெர்த் குறுகல், விளக்கு இரவெல்லாம் முகத்தில் அடிக்கும், விலை குறைவு. முழங்கால் வலி இருப்பவர்கள் அந்தச் சின்ன வித்தியாசத்தில் சிக்கனம் பார்க்கவேண்டாம். அண்ணிக்குக் கீழ், எனக்கு மேல் என்று எடுத்தோம். ஏ.சி. குளிர் கடுமையாக இருக்கும், சால்வை இல்லாமல் ஏறாதீர்கள். மிச்சம் ஆகிறதே என்று அடுத்தடுத்த இரவுகளில் ரயிலிலேயே படுப்பதும் வேண்டாம். ஓர் இரவு ரயில் என்றால் அடுத்த இரண்டு இரவாவது தரையில் நிற்கும் கட்டிலில் தூங்குங்கள். உடம்பு படுத்துவிட்டால் மருந்துச் செலவு அறை வாடகையைத் தாண்டிவிடும்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மலேசியாவும் தாய்லாந்தும் சில ஆண்டுகளாக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கு கொடுத்துவருகின்றன என்றாலும், டிக்கெட் வாங்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். லாவோஸுக்கு விசா வேண்டும். இ-விசா எடுத்தால் அது எல்லா எல்லைச் சாவடியிலும் செல்லாது, நீங்கள் இறங்கும் இடம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். லாவோஸிலிருந்து திரும்பும்போது தாய்லாந்துக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள், அதற்கு இன்னொரு அட்டை. லாவோஸ் கிப் நோட்டுகளை அந்த நாட்டைத் தாண்டி மாற்றுவது கடினம், கையில் இருப்பதை அங்கேயே செலவு செய்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல்: தாய்லாந்தில் "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அது எழுதியிருக்கும் கடையில் இறைச்சியும் மீன் சாஸும் இருக்காது. கோலாலம்பூரில் கவலையே இல்லை, சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். அந்தப் பகுதியே ஒரு காலத்தில் ரயில்வேக் குடியிருப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போட வந்தவர்கள் எல்லாம் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

பாங்காக்கில் ஒரு நாளை மட்டும் எதற்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொன்புரி என்ற பழைய நிலையத்திலிருந்து காலையில் ஒரு ரயில் நம்தோக் என்ற ஊருக்குப் போகிறது. மூன்றாம் வகுப்பு மட்டும்தான், மின்விசிறி, திறந்த ஜன்னல். வெளிநாட்டவருக்கு 100 பாட். காஞ்சனபுரியில் குவாய் ஆற்றின் பாலத்தை மெதுவாகக் கடந்து, அப்புறம் பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ஊர்ந்து போகும்.

அன்று சயாம் என்ற தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 1942, 43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் மிஞ்சியிருக்கும் பகுதி அது. மலேயாத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்பார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் மக்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அவர்கள் காட்டிலேயே இறந்தார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப் பெயர் பொறித்த கல் தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே இல்லை.

அண்ணியின் பெரியப்பா மலேயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர். திரும்பவில்லை. இந்தத் தடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குப் பணம் ஒரு காரணம், அவர் இன்னொரு காரணம். மரப்பாலத்தில் வண்டி வேகம் குறைந்ததும் மற்றவர்கள் கேமராவோடு ஜன்னலுக்கு வந்தார்கள். அண்ணி இருக்கையிலேயே உட்கார்ந்து கைப்பையிலிருந்து கொஞ்சம் உதிரிப் பூ எடுத்து, வண்டி பாலத்தைத் தாண்டும் வரை வெளியே போட்டுக்கொண்டே வந்தார். முந்தைய நாள் பாங்காக் பூச்சந்தையில் எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்தார்.

அந்த 100 பாட் டிக்கெட் இன்னும் அவர் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.