சின்ன லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ்? மெஷினைக் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேச வந்தது சின்ன லேப்டாப் பத்தி. பதினொண்ணு இன்ச்ல இருந்து பதிமூணு இன்ச் வரைக்கும் ஸ்கிரீன், ஒரு கிலோ ஒண்ணரை கிலோ வெயிட்டு, பையில போட்டு பஸ்ல ஏறினாலும் தோள் வலிக்காது, அந்த வகை. அதுல எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், சுருக்கமா ஓஎஸ், போடறது, விண்டோஸா இல்ல இலவசமா கிடைக்கற லினக்ஸா, எப்படி போடறது. ரேடியோல ஸ்கிரீனைக் காட்ட முடியாது, அதனால பட்டன் பேரெல்லாம் நிதானமா சொல்றேன், பேப்பர் பேனா பக்கத்துல இருந்தா எடுத்து வச்சுக்கங்க.

எங்க போனாலும் "சார், விண்டோஸ் நல்லதா லினக்ஸ் நல்லதா"ன்னுதான் கேக்கறாங்க. அப்படிக் கேட்டா நான் பதில் சொல்றதில்ல, "மெஷின் என்ன"ன்னு திருப்பிக் கேப்பேன். டெஸ்க்டாப்னா விஷயம் வேற, ரேம் பத்தலன்னா இன்னொண்ணு சொருகலாம், வைஃபை மோசம்னா கார்டு மாத்தலாம். சின்ன லேப்டாப்பை மெலிசா பண்ணணும்னு ரேமை போர்டுலயே சோல்டர் பண்ணிடறாங்க, விலை கம்மியான மாடல்ல டிஸ்க்கும் போர்டுலயே ஒட்டியிருக்கும், சிலதுல வைஃபையும் அப்படித்தான். மாத்த முடியாத அந்த நாலஞ்சு பார்ட்டுதான் உங்களுக்கு எந்த ஓஎஸ்னு முடிவு பண்ணுது, நம்ம ஆசையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இது புதுக் கதையும் இல்ல. 2007ல ஆசுஸ் ஈ பிசி 701னு ஒரு குட்டி லேப்டாப் வந்துச்சு, ஏழு இன்ச் ஸ்கிரீன், 512 எம்பி ரேம், டிஸ்க் வெறும் 4 ஜிபி, மொத்த வெயிட்டே ஒரு கிலோவுக்குக் கீழ. அப்ப விண்டோஸ்னா விஸ்டா, அது அந்த 4 ஜிபிக்குள்ள நுழையவே நுழையாது, அதனால சாண்ட்ரோஸ்னு ஒரு லினக்ஸைப் போட்டே வித்தாங்க, ஜனங்களும் வாங்குனாங்க. எக்ஸ்பிய 2008ல மூட்டை கட்டறதா இருந்த மைக்ரோசாஃப்ட், இந்த மாதிரி குட்டி மெஷினுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் எடிஷனை விடாம குடுக்கறோம்னு இறங்கி வந்தாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே மெஷினைப் பார்த்துத்தான் முடிவ மாத்துச்சு, நம்ம எம்மாத்திரம்.

சரி இன்னைக்கு நிலவரத்துக்கு வருவோம். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட முடிஞ்சுது, பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு செக்யூரிட்டி அப்டேட் மட்டும் கூடுதலா ஒரு வருஷம். விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்புச் சிப்பு வேணும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க். கடைசி ரெண்டு பேச்சுக்குத்தான், 4 ஜிபில விண்டோஸ் 11 ஓட்டறவங்க பொறுமைக்கு ஒரு அவார்டே குடுக்கலாம், 8 இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க.

இப்ப சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல செகண்ட் ஹேண்ட்ல நிறைய கிடைக்கறது திங்க்பேட் எக்ஸ் சீரிஸ், ஆபீஸ்ல ஓடிட்டு வெளிய வர்ற சரக்கு, பன்னண்டரை இன்ச், கீபோர்டு அருமையா இருக்கும். இதுல எக்ஸ்270, எக்ஸ்280னு ரெண்டு மாடல், பக்கத்துப் பக்கத்துல வச்சிருப்பாங்க, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எக்ஸ்270ல இருக்கறது ஆறாவது இல்ல ஏழாவது தலைமுறை பிராசஸர், ஆக விண்டோஸ் 11 கணக்குல ஃபெயில், ஆனா ரேமுக்கு ஸ்லாட் இருக்கு, கழட்டி 16 ஜிபி போட்டுக்கலாம். எக்ஸ்280 பெரும்பாலும் எட்டாவது தலைமுறை, அப்படி இருந்தா விண்டோஸ் 11 பாஸ், ஆனா ரேம் போர்டோட ஒட்டினது, 4 ஜிபி மெஷினை விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிட்டா கடைசி வரைக்கும் அதே 4 தான். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்"ம்பாரு, ஒண்ணு இல்ல. என்னைக் கேட்டா லினக்ஸ்க்கு மனசு தயாரா இருக்கறவங்க எக்ஸ்270 வாங்கி 16 ஜிபி ஏத்திக்கங்க, விண்டோஸ் கட்டாயம் வேணும்ங்கறவங்க எக்ஸ்280ல 8 ஜிபி இருந்தா மட்டும் காசு குடுங்க.

ரூஃபஸ்னு ஒரு டூல் இருக்கு, அதை வச்சு டிபிஎம் செக்கையெல்லாம் தாண்டி பழைய மெஷின்லயும் விண்டோஸ் 11 ஏத்தலாம்னு யூடியூப்ல ஆயிரம் பேரு சொல்றாங்க, ஏறும், ஓடவும் ஓடும். ஆனா அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு. சொந்தமா நோண்டத் தெரிஞ்சவங்க பண்ணிக்கங்க, அப்பா அம்மாவுக்குப் போட்டுக் குடுத்துட்டு வெளியூர் போகப் போறீங்கன்னா வேண்டாம். இன்னொண்ணு, கடைல கிராக் பண்ண விண்டோஸைப் போட்டு "ஒரிஜினல் மாதிரியே இருக்கும்"னு தர்றாங்க பாருங்க, அதுல நெட் பேங்கிங் பண்றவங்களை நினைச்சாதான் எனக்கு பயமா இருக்கு.

விண்டோஸை விட்டு நகரவே கூடாதவங்களும் இருக்காங்க. டேலி ஓட்டறவங்க, போட்டோஷாப்ல தினமும் வேலை பாக்கறவங்க, ஆபீஸ்ல எக்ஸெல் மேக்ரோ ஃபைலா அனுப்பிட்டே இருக்காங்கன்னா அவங்க. இவங்களுக்கு லினக்ஸ் நல்லதுன்னு பிரசங்கம் பண்றது பாவம். மத்தவங்க, அதாவது பிரவுசர், மெயில், வீடியோ, கொஞ்சம் டைப்பிங், கொஞ்சம் புரோகிராமிங்னு இருக்கறவங்க தாராளமா மாறலாம். நம்ம ஊருக்கு லினக்ஸ் புதுசும் இல்ல, 2011ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல குடுத்த லேப்டாப்புல விண்டோஸ் கூடவே சி-டாக்ங்கற மத்திய அரசு நிறுவனம் பண்ண பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, ஆன் பண்றப்ப ரெண்டு பேரு வரும், முக்கால்வாசிப் பேரு ரெண்டாவதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டாங்க.

எந்த லினக்ஸ்? அதுல பல வகை உண்டு. 8 ஜிபியும் அதுக்கு மேலயும் இருந்தா லினக்ஸ் மிண்ட் சின்னமன், விண்டோஸ்ல இருந்து வர்றவங்களுக்கு ஸ்டார்ட் மெனு அதே இடத்துல இருக்கும், தடுமாற்றம் இருக்காது. 4 ஜிபின்னா அதே மிண்ட்ல லேசான எக்ஸ்எஃப்சிஇ வகை. 2 ஜிபி இருந்தா லுபுண்டுன்னு இன்னும் லேசான ஒண்ணை முயற்சி பண்ணலாம், ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க, ஓஎஸ் எவ்வளவு லேசா இருந்தாலும் மேல ஓடப் போறது அதே பிரவுசர்தான், பத்து டேப் திறந்தா 2 ஜிபி காலி. லேசான லினக்ஸ் போட்டா பழைய மெஷின் புதுசாயிடும்னு சொல்றதெல்லாம் அந்த பிரவுசரைத் திறக்கற வரைக்கும்தான். வெறும் பிரவுசர் மட்டும் போதும், வேற எதுவும் வேண்டாம்னா கூகுள் குடுக்கற குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இருக்கு, ஆனா அதுல பிளே ஸ்டோர் வராது, ஃபோன் ஆப்பெல்லாம் ஓடும்னு நினைச்சுப் போடாதீங்க.

2014, 15 வாக்குல 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி, அதாவது போர்டுலயே ஒட்டின டிஸ்க்குன்னு மலிவு லேப்டாப் நிறைய வந்துச்சு, இன்னும் பல வீட்டு அலமாரில தூங்குது. 32 ஜிபில விண்டோஸ் பாதிய சாப்பிட்டுடும், பெரிய அப்டேட் வர்றப்ப இடம் இல்லன்னு பாதியிலயே நிக்கும். இந்த வகை சிலதுல இன்னொரு கிறுக்குத்தனம், பிராசஸர் 64 பிட், ஆனா ஆன் பண்ணதும் ஓஎஸ்ஸைத் தேடித் தொடங்கற உள் புரோகிராம், யூஇஎஃப்ஐன்னு பேரு, அது 32 பிட், அதனால பல லினக்ஸ் பென்டிரைவைச் சொருகினா மெஷின் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. பென்டிரைவ் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு தூக்கிப் போட்டவங்க உண்டு. டெபியன்னு ஒரு லினக்ஸ், அந்த ஆளுங்க இந்த மாதிரி மெஷினுக்கும் சேர்த்துத்தான் இன்ஸ்டாலர் பண்ணியிருக்காங்க, அதை முயற்சி பண்ணுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லைவ் யூஎஸ்பில, அதாவது பென்டிரைவ்ல இருந்தே, ஓட்டிப் பாருங்க. 8 ஜிபி பென்டிரைவ் போதும், ரூஃபஸ் இல்ல எட்சர்னு ஒரு டூல்ல ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு லினக்ஸும் அடங்கின ஃபைலை, அதுல எழுதிடுங்க, பென்டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், கல்யாண போட்டோ இருக்கான்னு பார்த்துக்கங்க. ஆன் பண்ண உடனே பூட் மெனு பட்டனைத் தட்டி பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கணும், திங்க்பேட், டெல்னா எஃப்12, ஹெச்பின்னா எஸ்கேப் தட்டிட்டு எஃப்9, ஏசர்ல எஃப்12தான் ஆனா பயாஸ்குள்ள, அதாவது ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மெஷினோட சொந்த செட்டிங்ஸ்குள்ள, போய் அதை எனேபிள் பண்ணி வச்சாத்தான் வேலை செய்யும். லினக்ஸ் டிஸ்க்கைத் தொடாம பென்டிரைவ்ல இருந்தே ஓடும்.

இதை அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு அழகா இருக்கேன்னு இன்ஸ்டால் பட்டனை அமுக்கிடறாங்க, அப்படிப் பண்ணாதீங்க, ஒரு சாயங்காலம் பூரா அதுலயே வேலை பாருங்க. மொதல்ல வைஃபை. இன்டெல் வைஃபை சிப்புன்னா பெரும்பாலும் தொட்ட உடனே வரும். 2013ல இருந்து 17 வரைக்கும் வந்த மேக்புக் ஏர்ல பிராட்காம் சிப்பு, அது தானா வராது, தனி டிரைவர் போடணும், டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும், வைஃபைக்கு டிரைவர் வேணும். இந்த சுத்துல மாட்டினா ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, நெட் வந்துடும், மிண்ட்ல டிரைவர் மேனேஜர் திறந்தா மிச்சத்தை அது பார்த்துக்கும். அப்புறம் டச்பேட்ல ரெண்டு விரல் வச்சு ஸ்க்ரோல் ஆகுதா, பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யுதா, ஸ்பீக்கர், மைக், கேமரா. கைரேகை சென்சார் வராம போக வாய்ப்பு அதிகம், அதுக்காக அழ வேண்டாம். பதிமூணு இன்ச்ல 2560க்கு 1600 ஸ்கிரீன் இருந்தா எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும், அப்ப எக்ஸ்எஃப்சிஇ வேண்டாம், குனோம்ங்கற ஸ்கிரீன் அமைப்பு இருக்கற உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் ஒண்ணு எழுத்தைப் பெருசாக்கறதை நல்லாப் பண்ணும். கடைசியா மூடியை மூடி பத்து நிமிஷம் விட்டுத் திறங்க, முழிச்சுக்குதா பாருங்க.

எல்லாம் சரின்னா இன்ஸ்டால். ஆனா விண்டோஸை அழிக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருந்தே பயாஸ் அப்டேட் பண்ணிடுங்க, பழைய மாடல் பலதுக்கும் கம்பெனிக்காரங்க பயாஸ் அப்டேட்டை விண்டோஸ்ல ஓடற ஃபைலாத்தான் குடுப்பாங்க. ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துக்கங்க. விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமோன்னு பயம் வேண்டாம், கம்பெனியே போட்டுக் குடுத்த விண்டோஸ்னா லைசென்ஸ் போர்டோட சம்பந்தப்பட்டது, என்னைக்கு அதே எடிஷனைத் திரும்பப் போட்டாலும் அதுவா ஆக்டிவேட் ஆயிடும்.

விண்டோஸையும் வச்சுக்கிட்டு பக்கத்துலயே லினக்ஸ் போடறவங்க இதைக் கவனிங்க. புது லேப்டாப் பலதுல டிஸ்க் உங்களுக்குத் தெரியாமலே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும், பயாஸ்ல எதையாவது மாத்தினா அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், மொதல்லயே எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஷட்டவுன் பண்ண மாதிரி தெரிஞ்சாலும் விண்டோஸ் பாதி தூக்கத்துல டிஸ்க்கைப் புடிச்சுக்கிட்டு இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எழுத முடியாது. இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியலன்னா பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடு, அதாவது மெஷின் டிஸ்க்கோட பேசற முறை, ஆர்எஸ்டின்னு இருக்கும், அதை ஏஹெச்சிஐன்னு மாத்தணும், ஆனா மாத்தின உடனே பழைய விண்டோஸ் பூட் ஆகாம அடம் பிடிக்கலாம், அதுக்குத் தனி வழிமுறை இருக்கு, படிச்சுட்டு கை வைங்க. இவ்வளவும் கேட்டுட்டு தலை சுத்துதுல்ல? அதான் சொல்றேன், 128 ஜிபி டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ் வேண்டவே வேண்டாம், ரெண்டுமே இடம் பத்தாம திணறும், ஒண்ணைத் தேர்ந்தெடுத்து முழு டிஸ்க்கையும் அதுக்கே குடுத்துடுங்க.

முழு டிஸ்க்கையும் குடுக்கறப்ப இன்ஸ்டாலர்ல "அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்"னு ஒரு பட்டன் வரும், அதுக்குள்ள என்கிரிப்ஷன் இருக்கும், தேர்ந்தெடுங்க. பெரிய கம்ப்யூட்டரை யாரும் ரயில்ல விட்டுட்டு இறங்கறதில்ல, இது சீட்டுக்கு அடியில, டீக்கடை பெஞ்சுல, எங்க வேணா தொலையும். போனா லேப்டாப்போட போகட்டும், உள்ள இருக்கற ஆதார் ஸ்கேனும் பேங்க் ஸ்டேட்மெண்டும் யார் கையிலயும் திறக்கக் கூடாது. ஒரே கண்டிஷன், அந்த பாஸ்வேர்டை மறந்தா கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. டைம் ஸோன் கேக்கறப்ப சென்னையைத் தேடாதீங்க, இந்தியா முழுக்க கொல்கத்தாதான்.

போட்டு முடிச்சப்புறம் வர்ற பெரிய புகார் ஒண்ணே ஒண்ணுதான், ராத்திரி மூடி பையில வச்சேன், காலைல சூடா இருக்கு, பேட்டரி காலி. இது லினக்ஸ் பண்ற தப்புன்னு திட்டுவாங்க, பல சமயம் காரணம் வேற. பழைய லேப்டாப்புல எஸ்3ன்னு ஆழ்ந்த தூக்கம் இருந்துச்சு, புதுசுல ஃபோன் மாதிரி அரைத் தூக்கம் போடற மாதிரி மாத்திட்டாங்க, விண்டோஸ்லயும் இதே தொல்லை உண்டு. 2018ல வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாவது தலைமுறை எஸ்3 இல்லாமயே வெளிய வந்து, லினக்ஸ் ஆளுங்க சத்தம் போட்டப்புறம் பயாஸ் அப்டேட்ல ஸ்லீப் ஸ்டேட்னு ஒரு ஆப்ஷன் குடுத்தாங்க, அதுல லினக்ஸ்னு தேர்ந்தெடுத்தா சரியாயிடும். உங்க பயாஸ்ல அது மாதிரி இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா ராத்திரில ஷட்டவுன் பண்ணிடுங்க, எஸ்எஸ்டி இருக்கற மெஷின் ஆன் ஆக எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது. பேட்டரிக்கு டிஎல்பின்னு ஒரு புரோகிராம் இருக்கு, போட்டா போதும், செட்டிங்ஸைத் தொடணும்னு கட்டாயம் இல்ல, வேணும்னா திங்க்பேட்ல 80 சதவீதத்தோட சார்ஜ் நிக்கற மாதிரி அதுலயே வைக்கலாம், எப்பவும் சார்ஜர்லயே போட்டு வச்சிருக்கறவங்களுக்கு அது நல்லது.

தமிழ் டைப்பிங் பத்தி நிறைய பேரு கேப்பீங்க. சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ்-எம்17என்னு தேடி இன்ஸ்டால் பண்ணுங்க, இன்புட் மெத்தட்ல ஐபஸைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க, தமிழ்னு போட்டா தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு அமைப்பும் இருக்கும், அம்மான்னு அடிக்க ஆங்கில எழுத்தைத் தட்டற ஃபொனெட்டிக்கும் இருக்கும், ரெண்டுல பழக்கமானதைச் சேர்த்துக்கங்க. சின்ன லேப்டாப்புல கீபோர்டு நெருக்கமா இருக்கும், தமிழ்99ல கீ ஸ்ட்ரோக் கம்மி, அதனால பழகிக்கிட்டா விரலுக்கு நல்லது. எழுத்து கட்டம் கட்டமா தெரிஞ்சா நோட்டோ தமிழ் ஃபான்ட் போட்டுக்கங்க, சரியாயிடும். நன்றி, வணக்கம்.