செபமாலையும் ஓர் அடகுச் சீட்டும்

நடுவர் அவர்களே, அருட்தந்தையரே, தம்பி தங்கைகளே, வணக்கம். கல்லூரிக் காலத்தில் நம் கத்தோலிக்க விசுவாசம் ஆழப்படுவது செபத்தாலா, சேவையாலா என்பது தலைப்பு. எங்கள் அணி செபம். வேறு வாழ்த்துக்கெல்லாம் நேரமில்லை. எதிரணித் தம்பி ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

என்ன சொன்னார்? “விடுதிப் பையன் செபமாலையைத் தேடுவது பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான். அரியர் இல்லாதவனுக்கு ஆண்டவரும் தேவையில்லை.”

சரி தம்பி, அப்படியே இருக்கட்டும். அரியர் பயத்தில் கோவிலுக்கு வருகிறான். வரட்டுமே! பேதுரு கடலில் மூழ்கும்போது “ஆண்டவரே, காப்பாற்றும்” என்று கத்தினாரே, அது பயத்தில் வந்த செபம்தானே? இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். கேள்வியெல்லாம் அப்புறம்தான் கேட்டார். பிடித்துத் தூக்க அவரே தயாராக இருக்கும்போது, நீங்கள் ஏன் கோவில் வாசலில் நின்று மதிப்பெண் பட்டியல் கேட்கிறீர்கள்?

அரியர் என்றீர்களே, ஃபெயிலான ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இத்தாலியில் தூரின் நகரம். பெயர் பியேர் ஜார்ஜியோ ஃபிராசாத்தி, 1901-இல் பிறந்தவர். அப்பா ‘லா ஸ்தாம்பா’ நாளிதழின் அதிபர், பிறகு ஜெர்மனிக்குத் தூதர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை, பக்திக்குத்தான் குறைவு. பையன் லத்தீனில் ஃபெயில். அதனால் இயேசு சபையார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கேதான் தினமும் நற்கருணை, அதாவது திருப்பலியில் இயேசுவின் உடலாக நாம் பெறும் அப்பம், வாங்கும் பழக்கம் வந்தது. கேட்டீர்களா தம்பி? ஃபெயிலானது அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் பீடத்தின் முன்னால்!

கல்லூரியில் சுரங்கப் பொறியியல் எடுத்தார், தொழிலாளிகளோடு இருக்க வேண்டும் என்பதற்காக. நண்பர்களோடு மலை ஏறுவார். இரவு நற்கருணை ஆராதனையில் முழங்காலில் இருப்பார். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடு வீடாகப் போவார்.

1925. இளம்பிள்ளை வாதம் தாக்குகிறது. அதே வீட்டில் பாட்டி சாகக் கிடக்கிறார், எல்லார் கவனமும் அங்கே. பாட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் பேரனின் நிலைமையே வீட்டுக்குப் புரிகிறது. அதற்குள் உடம்பு செயலிழந்துவிட்டது. சாவதற்கு முந்தின நாள், விளங்காத கையால் நண்பருக்குக் கிறுக்குகிறார். என்ன எழுதினார்? சொத்து விவரமா? இல்லை. ‘இந்த ஊசி மருந்தை இன்ன நோயாளிக்குக் கொடு. இந்த அடகுச் சீட்டு இன்னாருடையது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு.’

அடகுச் சீட்டு ஐயா, அடகுச் சீட்டு! பத்திரிகை அதிபரின் பிள்ளை, 24 வயது. தன் உயிருக்கே தவணை முடிகிறது, அவர் கவலையோ ஓர் ஏழையின் அடகுத் தவணை! ஜூலை 4-ஆம் தேதி இறந்தார். அடக்கத்துக்குத் தெருவெல்லாம் ஏழைகள் திரண்டதைப் பார்த்துத்தான் குடும்பத்துக்கே பிள்ளை யாரென்று தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

“அடடா, இது சேவை, எங்கள் கதை” என்று எதிரணி துள்ளுகிறது. துள்ளுங்கள். ஆனால் அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: காலையில் நற்கருணையில் இயேசு என்னைப் பார்க்க வருகிறார், பதிலுக்கு நான் போய் ஏழைகளிடம் அவரைப் பார்க்கிறேன் என்று. முதலில் நடந்தது எது தம்பி?

கடைசியாக, இங்கே இருக்கும் அம்மாக்களிடம் பேசுகிறேன். பிள்ளையை விடுதியில் சேர்க்கப் பெட்டி அடுக்கினீர்களே, சட்டைகளுக்கு நடுவில் ஒரு செபமாலையையும் வைத்தீர்களே! முதல் வாரம், அறையில் விளக்கை அணைத்தபிறகு அந்தப் பிள்ளை போர்வைக்குள் அழுகிறது. அந்த நேரத்தில் எந்தச் சேவை முகாம் நடக்கிறது? யார் வீட்டுக் கதவை அது தட்டும்? “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பிக்கிறது. உங்கள் குரலில் கேட்டுப் பழகிய செபம் அம்மா, அதனால்தான் வாயில் வருகிறது. நீங்களும் ஊரில் அதே நேரம் அதே செபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளையிடம் போய், செபமாலையைக் கீழே வை என்று உங்களால் தீர்ப்புச் சொல்ல முடியுமா? நன்றி, வணக்கம்.