சென்னை வெயில்ல வீட்லயே சிலிக்கான் மோல்டு: ஊத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

வணக்கம்ங்க. மேஜை மேல இருக்கிறது ஒரு சின்ன மண் பிள்ளையார். முதுகுப் பக்கம் தட்டை. உயரம் 8 செ.மீ., அகலம் 6, கனம் 2.5. இதுக்கு ஒரு சிலிக்கான் மோல்டு எடுக்கப் போறோம். அப்புறம் அதுல பிளாஸ்டர், மெழுகு, ரெசின் எது வேணும்னாலும் வார்த்துக்கலாம்.

சிலிக்கானைக் கலக்கி ஊத்துறது பத்து நிமிஷ வேலை. மோல்டு உருப்படுமா, உருப்படாதாங்கிறது பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. எந்த சிலிக்கான் வாங்கினீங்க, மாடல் மேல, அதாவது அச்சு எடுக்கப் போற உருவத்து மேல, என்ன பூசினீங்க, எப்படி எடை போட்டீங்க, எந்த நேரத்துல கலக்கினீங்க, இதுலதான் விஷயம் இருக்கு. அதனால இன்னைக்கு அதுக்குத்தான் நிறைய நேரம் எடுத்துக்கப் போறேன்.

முதல்ல சிலிக்கான். கடையில ஆர்டிவி ரப்பர், மோல்டு ரப்பர்னு கேட்டாலே எடுத்துத் தருவாங்க. சென்னை பாரிமுனை பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவுல கெமிக்கல் கடைங்க இருக்கு, ஆன்லைன்லயும் கிடைக்குது. ஆனா எங்க வாங்கினாலும் ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: இது டின் க்யூரா, பிளாட்டினம் க்யூரா? க்யூர்னா இறுகுறது; இறுக வைக்கிறது டின்னா, பிளாட்டினமாங்கிறதுதான் கேள்வி.

டின் க்யூர்ங்கிறது பெரும்பாலும் வெள்ளையா இருக்கும். பெரிய டப்பாவுல ரப்பர், சின்ன பாட்டில்ல அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். எடையில 2 முதல் 5 சதவீதம் வரைக்கும் ஹார்ட்னர் கலக்கணும், சரியான அளவு டப்பாவுலயே போட்டிருக்கும். விலை கம்மி. எந்த மாடல் மேல ஊத்தினாலும் அனேகமா இறுகிடும். குறை என்னன்னா, இறுகும்போது ஆல்கஹால் வெளியேறும், அதனால நாள் ஆக ஆக லேசா சுருங்கும். சில வருஷத்துல மோல்டு விறைச்சுப் போயி கிழிய ஆரம்பிக்கும்.

பிளாட்டினம் க்யூர் பெரும்பாலும் ஏ, பி-ன்னு ரெண்டு பாட்டில், சரிக்குச் சரி கலக்குறது. சுருக்கம் இல்லைன்னே சொல்லலாம், பல வருஷம் உழைக்கும். ஆனா இது ரொம்ப நோஞ்சான் ரகம். கந்தகம், டின், அமீன் (எபாக்சி ஹார்ட்னர்ல இருக்கிற கெமிக்கல்), இதுல எது பட்டாலும் அந்த இடத்துல இறுகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேட்டக்ஸ் கையுறை, ரப்பர் பேண்டு, சரியா காயாத எபாக்சி புட்டி, யூவி ரெசின்ல எடுத்த 3டி பிரிண்ட், டின் சிலிக்கான் கலக்கின பழைய குச்சி, இது எல்லாமே எதிரிதான். கையுறைன்னா நைட்ரைல் போடுங்க. 3டி பிரிண்ட்டுக்கோ எபாக்சி புட்டில செஞ்ச பொம்மைக்கோ மோல்டு எடுக்கப் போறீங்கன்னா, வம்பே வேண்டாம், டின் க்யூர் வாங்கிடுங்க.

சாக்லேட்டுக்கு, சமையலுக்குன்னு மோல்டு வேணும்னா அதுக்குன்னு ஃபுட் கிரேடு சான்று இருக்கிற பிளாட்டினம் மட்டும்தான். டின் க்யூர் அதுக்கு ஆகவே ஆகாது. ரெசின் ஊத்தின மோல்டுல அப்புறம் சாக்லேட் ஊத்துறதும் கூடாது. இதுல நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வாங்கும்போது லேபிள்ல ரெண்டு நம்பர் பாருங்க. ஒண்ணு ஷோர் ஏ கடினம், அதாவது இறுகின ரப்பர் எவ்வளவு விறைப்புங்கிற அளவு. இந்தப் பிள்ளையார் மாதிரி தும்பிக்கை, காதுன்னு உள்வாங்கின இடம் இருக்கிற உருவத்துக்கு 20 முதல் 25. கோஸ்டர், டைல் மாதிரி தட்டையான சாமானுக்கு 30 நல்லா நிக்கும். 10, 15 எல்லாம் மெத்துனு இருக்கும், ஆனா சீக்கிரம் கிழியும். ரெண்டாவது விஸ்காசிட்டி, அதாவது ஊத்தும்போது எவ்வளவு கெட்டியா இருக்குங்கிறது, சி.பி.எஸ்.னு போட்டிருக்கும். வீட்ல காத்தை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் சேம்பர் இல்லைன்னா 5000 சி.பி.எஸ்.க்குக் கீழ இருக்கிறதா எடுங்க. கெட்டியா இருந்தா உள்ள மாட்டின காத்து தானா மேல வராது.

சரி, இப்ப மாடல். சுட்ட மண்ணா இருந்தாலும், சுடாத மண்ணா இருந்தாலும், மரம், பிளாஸ்டர் எதுவா இருந்தாலும் நுண்ணிய துளை இருக்கும். சிலிக்கான் அதுக்குள்ள இறங்கி இறுகிட்டா பிடிச்சுக்கும். பிரிச்சு எடுக்கும்போது மாடலும் உடையும், மோல்டும் கிழியும். ஹார்டுவேர் கடையில பிரெஞ்சு பாலிஷுக்கு விக்கிற ஷெல்லாக் வாங்கிக்கோங்க. மெல்லிசா மூணு கோட்டு, ஒவ்வொரு கோட்டும் நல்லா காஞ்சதுக்கு அப்புறம் அடுத்தது. கெட்டியா ஒரே கோட்டா அடிச்சா கண்ணு, விரல் மாதிரி நுணுக்கமெல்லாம் மூடிக்கும். அதுக்கு மேல வாசலினை விரல்ல துளி எடுத்து, பிரஷ்ஷால இழுத்து இழுத்து தேச்சுவிடுங்க. பிரஷ் கோடு கண்ணுல தெரியக் கூடாது, ஏன்னா தெரிஞ்சா அது மோல்டுலயும் தெரியும். சிலிக்கான் விரல் ரேகையைக் கூட விடாது. மாடல் பளபளன்னு இருந்தா வார்ப்பும் பளபளப்பு, மாடல் மங்கலா இருந்தா வார்ப்பும் மங்கல். ரெசின்ல கண்ணாடி மாதிரி வேணும்னா மாடலையே கண்ணாடி மாதிரி ஆக்கணும், மோல்டுக்கு அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

பிளாட்டினம் ஊத்தப் போறவங்க, மாடலோட முதுகுல ஒரு ஓரத்துல ஒரு கிராம் கலக்கி வெச்சுப் பாருங்க. லேபிள்ல போட்ட நேரத்துக்கு அப்புறம் எடுத்தா சுத்தமா உரிஞ்சு வரணும். அடியில பிசுக்கு இருந்தா அந்த மாடலுக்கு இந்த சிலிக்கான் இல்லை. ஒரு கிராமோட போகும், மீதி சிலிக்கான் தப்பிக்கும்.

அடுத்து பெட்டி. 5 எம்.எம். ஃபோம் போர்டு இல்லைன்னா அக்ரிலிக் ஷீட். பிள்ளையாரை முதுகு கீழ இருக்கிற மாதிரி படுக்க வெக்கிறோம். மாடலைச் சுத்தி நாலு பக்கமும் 1 செ.மீ. இடம், உச்சிக்கு மேல 1 செ.மீ. அப்போ உள் அளவு 10க்கு 8, உயரம் 3.5. சுவர் மட்டும் 5 செ.மீ. உயரம் வெட்டிக்கோங்க, 3.5-ல பென்சில் கோடு. மாடலைப் பெட்டியோட அடிப்பலகையில க்ளூ கன்னால ஒட்டுங்க, முதுகுல குழி இருந்தா கந்தகம் இல்லாத களிமண்ணால அடைச்சுட்டு ஒட்டுங்க. ஏன்னா உள்ள மாட்டின காத்து சூட்டுல விரிஞ்சு ஓரமா வெளிய வரும், மோல்டோட விளிம்புல குமிழி விழும். பெட்டியோட மூலைங்களை வெளிப்பக்கமா க்ளூ கன்னால ரெண்டு தடவை இழுத்துவிடுங்க. ஒரு ஊசி நுழையற ஓட்டை போதும், ராத்திரியோட ராத்திரியா மொத்த சிலிக்கானும் மேஜைக்கு வந்துடும்.

எவ்வளவு சிலிக்கான்? மாடல் இருக்கும்போதே பெட்டியில அரிசியை 3.5 செ.மீ. கோடு வரைக்கும் கொட்டி சமன் பண்ணுங்க. அந்த அரிசியை அளவு ஜாடியில கொட்டினா வர்ற மில்லிதான் உங்க அளவு. இந்தப் பெட்டி மொத்தம் 280 மில்லி, பிள்ளையார் சுமார் 60, மீதி 220. சிலிக்கான் தண்ணியை விட கனம், வாங்கினதோட அடர்த்தி 1.15-ன்னா 253 கிராம். கப்புல ஒட்டுறதுக்கு பத்து சதவீதம் சேர்த்து 280 கிராம்னு வெச்சுக்கோங்க. அளந்து முடிச்சதும் அரிசி மாவு ஒட்டாம காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிடுங்க.

டின் க்யூர்னா 280-க்கு 3 சதவீதம் 8.4 கிராம் ஹார்ட்னர். இங்கதான் சமையல்கட்டுத் தராசு கைவிடும். ஒரு கிராம் ஒரு கிராமா காட்டுற தராசுல 8-ன்னு பாக்கிறது உண்மையில ஏழரையாவும் இருக்கலாம், எட்டரையாவும் இருக்கலாம். 0.1 கிராம் காட்டுற தராசு வாங்கிடுங்க. ஹார்ட்னர் கம்மியானா இறுகாம பிசுபிசுப்பு. சீக்கிரம் ஆகட்டும்னு அதிகமா ஊத்தினா அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். அப்புறம் சுருக்கமும் ஜாஸ்தி, சீக்கிரமே விறைச்சு வெடிக்கும். கரண்டிக் கணக்கு, துளிக் கணக்கு ரெண்டும் வேண்டாம்.

இப்ப நம்ம ஊர் விஷயம். லேபிள்ல "வேலை நேரம் 30 நிமிஷம்"னு போட்டிருக்கிறது, அதாவது கலக்கினதுல இருந்து கெட்டியாகிற வரைக்கும் கிடைக்கிற நேரம், 23, 25 டிகிரி அறைக்கு. பத்து டிகிரி ஏறினா அந்த நேரம் தோராயமா பாதி. மே மாசம் மதியம் ஃபேன் மட்டும் ஓடுற ரூம் 35 டிகிரி இருக்கும். உங்க 30 நிமிஷம் 15 ஆயிடுச்சு. கலக்கவே 4, 5 நிமிஷம். காத்து மேல வந்து வெளியேற மீதி நேரம் பத்தாது, அதுக்குள்ள கெட்டியாயிடும். வெயில் காலத்துல நிறைய பேர் "சிலிக்கான் தரம் சரியில்லை"ன்னு நினைக்கிறது இதைத்தான். காலையில ஆறு மணிக்கு கலக்குங்க, இல்லைன்னா ஏசி ரூம். மூடின பாட்டிலை அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணி வாளியில வெச்சு, வெளிய நல்லா துடைச்சுட்டுத் திறக்கலாம். ஃப்ரீசர்ல வெக்காதீங்க, ரொம்ப கெட்டியாயி குமிழியும் அதிகமாகும்.

நம்ம ஊர் ஈரப்பதம் சிலிக்கானுக்குப் பிரச்சனை இல்லை. டின் க்யூருக்கு இறுக ஈரம் வேணும், பிளாட்டினம் அதைக் கண்டுக்காது. ரெசினுக்குத்தான் ஆகாது, அதுக்கு வரேன்.

கலக்கும்போது தட்டைக் குச்சி, மெதுவா, கப்போட ஓரமும் அடியும் வழிச்சு வழிச்சு. அடிச்சுக் கலக்கினா காத்துதான் ஏறும். மூணு நிமிஷம் ஆனதும் வேற சுத்தமான கப்புக்கு மாத்தி இன்னும் ஒரு நிமிஷம். ரெண்டாவது கப் எதுக்குன்னா, முதல் கப்போட ஓரத்துல கலக்காம நின்னது மோல்டுக்குப் போகக் கூடாது. அந்தக் கப்பை மாடல் மேல வழிச்சு ஊத்தவே ஊத்தாதீங்க.

பாருங்க, முதல்ல மெல்லிசான பிரஷ்ல கொஞ்சம் தொட்டு கண்ணு, தும்பிக்கை மடிப்பு, விரல் இடுக்கெல்லாம் தடவிவிடுறேன். இதை விட்டா அங்க காத்து மாட்டும். மோல்டுல ஒரு குமிழின்னா வார்ப்புல ஒரு பரு, ஒவ்வொரு தடவையும். அப்புறம் ஒரு அடி உயரத்துல இருந்து, பெட்டியோட ஒரே ஒரு மூலையில, நூலா இறங்குற மாதிரி ஊத்துறேன். அந்த மெல்லிய இழையில குமிழி உடைஞ்சிடும். மாடல் மேல நேரா ஊத்தலை. அதுவா பரவி ஏறி மூடட்டும். மேஜை மட்டமா இருக்கணும், ஃபோன்லயே மட்டம் பாக்குற ஆப் இருக்கு. 3.5 கோடு வந்தாச்சு. மேல வர்ற குமிழி பத்தி கவலை வேண்டாம், அது மோல்டோட அடிப்பக்கம்.

ராத்திரி முழுக்க விட்டுடுங்க. பெட்டியைப் பிரிச்சு, ஓரத்துல இருந்து விரலால மெதுவா தளர்த்தி, மாடலை எடுங்க. டின் க்யூரா இருந்தா இன்னும் ஒரு நாள் காத்தாட வெச்சுட்டு வார்க்கணும். உள்ள ஆல்கஹால் மிச்சம் இருந்தா ரெசின் கெட்டுப்போகும்.

கோளாறு வந்தா எங்க வந்திருக்குன்னு பாருங்க, காரணம் அதுலயே தெரியும். மாடலைத் தொட்ட பக்கம் முழுக்க பிசுக்கு, மத்த இடம் நல்லா இறுகியிருக்குன்னா மாடல்ல இருந்த ஏதோ ஒண்ணு பிளாட்டினத்தைத் தடுத்திருக்கு. அங்கங்க திட்டு திட்டா ஈரம்னா கலக்கினது பத்தலை. மொத்தமும் ஜெல் மாதிரி தொளதொளன்னு இருந்தா எடை தப்பு, இல்லைன்னா பழைய ஹார்ட்னர். ஹார்ட்னர் பாட்டிலைத் திறந்து திறந்து வெச்சா ஈரம் பட்டு வீணாயிடும், அதனால தயாரிச்ச தேதி பாத்து வாங்குங்க. முகத்துல மட்டும் குழியா இருந்தா பிரஷ் கோட்டு விட்டுப்போச்சு.

முழு உருவம், சங்கு மாதிரி ஏதாவதுன்னா நிக்க வெச்சு முழுசா மூடி ஊத்திட்டு, இறுகினதும் ஒரு பக்கம் மட்டும் புது பிளேடால வளைஞ்சு வளைஞ்சு கீறி எடுக்கலாம். நேர்க்கோட்டுல கீறினா திரும்ப மூடும்போது வழுக்கும்.

வார்ப்பு. இந்தப் பிள்ளையாருக்கு 60 மில்லி வேணும்: 38 மில்லி தண்ணி, 55 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணியில பவுடரைத் தூவி, ரெண்டு நிமிஷம் ஊறவிட்டு அப்புறம் கலக்குங்க. அரை மணி, முக்கா மணியில எடுத்துடலாம். ஆனா கரைக்கப் போற பிள்ளையாருக்கு பிளாஸ்டர் கூடாது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைக்குத் தடை. அதுக்கு களிமண்தான். களிமண்ணை அழுத்தி எடுக்க சிலிக்கான் மோல்டும் அவ்வளவு சுகமில்லை, தண்ணியை இழுக்காது, மண் காய நேரமாகும். பிளாஸ்டர் அச்சுதான் அந்த வேலைக்கு அழகு.

மெழுகுக்கு சிலிக்கான் அருமை, 70 டிகிரி சூடெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்லை. எபாக்சி ரெசின் ஊத்தறவங்க மழை நாள்ல தள்ளிப் போடுங்க. ஈரக் காத்துல மேல பிசுக்குப் படலம் வரும். பாலியூரித்தேன் ரெசின்னா நுரைச்சே போகும்.

மோல்டை மடிக்காம, மேல கனம் வெக்காம, வெயில் படாத இடத்துல தட்டையா வைங்க. கப்புல மிச்சம் ஒட்டினதை தண்ணி ஊத்திக் கழுவி சிங்க்ல விடாதீங்க. இறுகட்டும், அப்படியே உரிச்சு எடுத்துடலாம். கிழிஞ்ச பழைய மோல்டையும் எறியாதீங்க. 1 செ.மீ. துண்டா வெட்டி வெச்சுக்கிட்டா, அடுத்த மோல்டுல மாடல் நல்லா மூடினதுக்கு அப்புறம் மேல போட்டு நிரப்பலாம், சிலிக்கான் சிலிக்கானோட ஒட்டிக்கும், புது ரப்பர் மிச்சம். டின் துண்டை பிளாட்டினத்துல மட்டும் போட்டுடாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி டப்பா வெச்சு மேல பேர் எழுதிடுங்க.