ஆயிரம் பொன் நாற்காலி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பேச்சில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாதாமாதம் இந்த மாடியைத் திறந்துவிட்டுக் கடைசி ஆள் இறங்கும்வரை சாவியோடு காத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மைக் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய நகர்மன்ற உறுப்பினருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் வேறு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். வந்ததும் சொல்லிவிடுங்கள்.

அழைப்பிதழில் 'புகழ்பெற்ற நவீன இருக்கைகளும் இல்லப் பொருள்களும்' என்று போட்டிருக்கிறார்கள். அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். நாற்காலி, விளக்கு, சொம்பு. நாற்காலியில் தொடங்குகிறேன். அரசு அலுவலகத்தில் 31 வருடம் உட்கார்ந்தவனுக்கு வேறு எதில் தொடங்கத் தெரியும்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் இதைச் சொல்வார். அவர் சொன்னது யானைக்குப் பொருந்தியதோ இல்லையோ, சண்டிகர் நாற்காலிக்கு அப்படியே பொருந்தும்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. சண்டிகர் என்று புதிதாக ஒரு நகரம் கட்ட 1951-இல் லெ கார்பூசியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வந்தார். கூடவே அவருடைய உறவுக்காரர், அவரும் கட்டடக் கலைஞர்தான், பியர் ஜான்னரே. பெரியவர் வந்து வந்து போனார். ஜான்னரே அங்கேயே தங்கிவிட்டார். 1965 வரை இருந்தார். 1967-இல் இறந்த பிறகு அவருடைய சாம்பலைச் சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள்.

நகரம் கட்டினால் போதுமா? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், அத்தனையிலும் ஆட்கள் உட்கார வேண்டும். ஜான்னரேயும், அவரோடு வேலை செய்த ஊர்மிளா யூலி சௌத்ரி போன்றவர்களும் நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றையும் வரைந்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் தேக்கும் பிரம்பும் வைத்துச் செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் கால்கள் கவராயத்தை விரித்து நிறுத்தியது போல இருக்கும். இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். எந்த அலுவலகத்துச் சொத்து என்று பெயின்டில் எழுதி, எண்ணும் போட்டிருப்பார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் எல்லா அலுவலகத்திலும் அதுதான் நடக்கிறது. பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது, மொட்டை மாடியில் குவித்தார்கள், பழைய மரம் என்று ஏலம் விட்டார்கள். பிரான்சிலிருந்து வந்த வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போய், பழுது பார்த்து, பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக் கணக்கில் விற்றார்கள். அலுவலகத்தின் பெயரும் எண்ணும் அழியாமல் இருந்தால் விலை இன்னும் கூடுதல்! 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குள் நிறைய யானை கப்பலேறிவிட்டது. இறந்த யானைக்கும் ஆயிரம் பொன்தான், ஆனால் அது யார் கைக்குப் போனது?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருநாள் பிரம்பு நாற்காலிகளையெல்லாம் கண்டம் செய்துவிட்டு, அதாவது இனி உதவாது என்று கழித்துவிட்டு, சக்கரம் வைத்த பஞ்சு நாற்காலி இறக்கினார்கள். பழையவை சைக்கிள் கொட்டகையில் குவிந்தன. மொத்தம் 46. அதில் என்னுடையதும் ஒன்று. இடது கைப்பிடியில் என் பேனா கொட்டிய மைக்கறை இருக்கும். ஏலத்தில் ஒன்று மட்டும் தர மாட்டார்கள், மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்தவர் ஒரு பழைய சாமான்காரர். அவரிடம் போய் நின்றேன். "எது சார் உங்களுது?" என்றார். மழையில் குவியலைப் புரட்டிக் கண்டுபிடித்தேன். 300 ரூபாய் கேட்டார். ஆட்டோ 250. வீட்டு வாசலில் இறக்கியதும் என் மனைவி கேட்டாள்: "முப்பத்தொரு வருஷம் அதுல தூங்கினது போதாதா?"

இருக்கை கிழிந்து தொங்கியது, முதுகுப் பின்னல் பாதி நின்றது. விசாரித்து விசாரித்து, பார்வையில்லாத ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அந்தக் காலத்தில் அலுவலக நாற்காலி பின்னும் வேலை பெரும்பாலும் பார்வையற்றவர்களிடம்தான் இருந்தது. அவர் சட்டத்தின் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். முதுகுப் பக்கம் போனதும் விரல் நின்றது. "எந்த ஆபீஸ் சார்?" சொன்னேன். சிரித்தார். "இது நான் பின்னினது. மூலை முடிச்சைத் தொட்டுப் பாருங்க, எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கும். எனக்கு இடது கை."

31 வருடம் நான் சாய்ந்திருந்தது அவருடைய கைவேலையின் மேல். அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு என்று ஓட்டினார். காய்ந்தால் அதுவே இறுகிக்கொள்ளும் என்றார். இரண்டு நாள் ஆனது. இப்போது அதில் உட்கார்ந்துதான் இந்தப் பேச்சை எழுதினேன்.

உலகப் புகழ்பெற்ற நாற்காலிகள் என்று சும்மாவா சொல்கிறார்கள்? 1859-இல் ஆஸ்திரியாவின் தோனெட் கம்பெனி செய்த 14-ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். நீராவியில் வளைத்த மரம். 6 துண்டு, 10 திருகாணி, 2 நட்டு, அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலியைக் கழற்றி அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். அதன் இருக்கை என்ன? பிரம்பு. 1928-இல் மார்செல் பிராயர் என்ற வடிவமைப்பாளர் எஃகுக் குழாயை வளைத்துப் பின்கால் இல்லாமலே நாற்காலி செய்தார். அதிலும் இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்புதான். காற்று போகும், வியர்க்காது, கிழிந்தால் மறுபடி பின்னலாம். நம் அலுவலகத்துப் பஞ்சு நாற்காலி கிழிந்தால் செலோ டேப் ஒட்டுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எந்த அரசு அலுவலகமும் மர நாற்காலியைக் கண்டம் செய்வதற்கு முன் ஒருமுறை பின்னிப் பார்க்க வேண்டும். அந்த வேலையைப் பார்வையற்ற பின்னல்காரர்களுக்கே தர வேண்டும். அந்தப் பெரியவருக்கு அப்போது எழுபது வயது. அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு பையனும் இல்லை. யானை உயிரோடு இருக்கும்போதே ஆயிரம் பொன் கொடுங்கள் என்கிறேன்.

விளக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. சொம்பைப் பற்றி ஒன்று மட்டும். 1958-இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அமெரிக்காவில் நாற்காலி வடிவமைத்தே பேர் வாங்கிய தம்பதி. இந்த நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே ஆக அழகானது சொம்புதான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மீதியை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன், தலைவர் மணி அடித்துவிட்டார்.

மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். பேனா கசியும், கைப்பிடியில் வைக்காதீர்கள்.