இரண்டு வயதுக் குழந்தையைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப்போவது வீணா?

அடுத்த கேள்வி வேளச்சேரியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "மகனுக்கு இரண்டு வயது. கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப்போனோம். மானைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் குந்தி எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வயதில் கூட்டிப்போவது வீண்தானா?" என்று கேட்கிறார்.

வீணே இல்லை அம்மா. உங்கள் மகன் நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். அவன் உயரம் மூன்று அடிக்கும் குறைவு. வேலிக்கு அப்பால் நிழலில் அசையாமல் படுத்திருக்கும் புள்ளிமான் அவன் கண்ணில் எப்படிப் படும்? மரநிழலில் விழும் வெயில் துண்டுகளோடு கலந்து மறைவதற்குத்தானே அதன் உடம்பில் அந்தப் புள்ளிகளே இருக்கின்றன! எறும்போ அவன் காலடியிலேயே ஓடுகிறது, இரையை இழுக்கிறது, எதிரில் வரும் எறும்போடு முட்டி நின்று பிறகு போகிறது. அவனுக்கு அதுதான் பெரிய காட்சி. அந்த நேரத்தில் "இங்கே பார், அங்கே பார்" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நீங்களும் பக்கத்தில் குந்திக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கியாயிற்று, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோருக்கு வந்துவிடுகிறது. அதை விட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மூலை போதும். ஆலமர விழுதைத் தொடட்டும், சருகை மிதித்துச் சத்தம் கேட்கட்டும். மழைக்குப் பிறகு போனால் மரவட்டை நிறையத் தென்படும். தொட்டால் சுருண்டுகொள்ளும். குழந்தைகளுக்கு அதில் அவ்வளவு ஆனந்தம்! ஆனால் பூரானையும் அதையும் பிரித்தறிய வேண்டியது உங்கள் பொறுப்பு. மரவட்டை மெதுவாக ஊரும், கடிக்காது. பூரான் தட்டையாக இருக்கும், விறுவிறுவென்று ஓடும், கடித்தால் கடுமையாக வலிக்கும். மரவட்டை சிலசமயம் ஒரு திரவத்தைக் கசியவிடும். அதனால் தொட்ட கையைக் கண்ணில் தேய்க்க விடாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கொஞ்சம் வளர்ந்ததும் அவனே நிமிர்ந்து மானைப் பார்ப்பான். அப்போது வெளிமானைக் காட்டுங்கள். கிண்டிக் காட்டின் பெருமையே அதுதான். முறுக்கிய கொம்போடு, முதுகு கறுத்து இருப்பது முதிர்ந்த ஆண். பெண்ணும் குட்டியும் பழுப்பு நிறம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மானுக்கோ குரங்குக்கோ பிஸ்கட் நீட்ட வைத்துப் புகைப்படம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையைத் தின்று இந்த நகரத்தில் மான்கள் செத்திருக்கின்றன. இரண்டு வயதில் கைநீட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ஐந்து வயதில் "கூடாது" என்றால் குழந்தைக்குப் புரியாது.

பக்கத்திலேயே 1972-இல் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது. அங்கும் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் பாம்பைக் கண்டதும் நீங்கள் அலறக் கூடாது. குழந்தை பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தண்ணீர், மாற்றுடை இவை போதும். பொம்மை எதுவும் வேண்டாம். தூக்கம் வந்து சிணுங்க ஆரம்பித்தால் பாதியில் கிளம்பிவிடுங்கள், மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.